காய்ந்த புரியும் எண்ணெய்ப் புரியும்

என் பட்டறையில் அரமும் சுத்தியலும் தொங்கும் பலகையின் ஓரத்தில் ஒரு பழைய ஸ்ரட், அதாவது தலையில்லாமல் இரு முனையிலும் திருகுப் புரி வெட்டிய போல்ற், கம்பியில் கட்டித் தொங்குகிறது. வெறும் கண்ணுக்கு அதில் பழுது ஒன்றும் தெரியாது. புரி அளவியின் பற்களை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் விடயம் புலப்படும். நுனிப் புரிகள் அளவியோடு சரியாகப் படிகின்றன. நட் இறங்கி நின்ற இடத்துக்குக் கீழே பற்களும் புரிகளும் ஒவ்வொன்றாக விலகத் தொடங்குகின்றன. அந்த இடைவெளிகளில் வெளிச்சம் மெல்லிய கோடுகளாக ஒழுகுகிறது. நல்ல நட் ஒன்றை விரலால் சுழற்றி இறக்கினால் அது அந்த இடம்வரை வழுக்கிக்கொண்டு வந்து, பிறகு இறுகி நின்றுவிடும். இரும்பு இழுபட்டிருக்கிறது. அதை இழுத்தவன் நான். ஒரு சொட்டு நல்லெண்ணத்தோடும் ஒரு விரல் கறுப்புப் பசையோடும் அதைச் செய்தேன்.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் ஏ35 வீதியோரத்தில்தான் எங்கள் பட்டறை இருக்கிறது. உழவு இயந்திரம், லான்ட்மாஸ்ரர், நீர் இறைக்கும் பம்பி, மோட்டார் சைக்கிள் என்று வன்னியின் வயலும் வீதியும் எதை நம்பியிருக்கின்றனவோ அவையெல்லாம் எங்களிடம் வரும். அந்த ஸ்ரட் ஒரு மசி பெர்கூசன் 135 இன் ஹெட்டில், அதாவது என்ஜினின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில், இருந்தது. இங்கிலாந்தின் கொவென்றியில் 1960 களிலும் 1970 களிலும் செய்யப்பட்ட அந்த உழவு இயந்திரம், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் என்ஜினோடு இன்றும் எங்கள் வயல்களில் உழுகிறது. வட்டக்கச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் புரட்டாசி மாதம் அதைக் கொண்டுவந்தார். ஒயில் பாலும் தேநீரும் கலந்த நிறத்தில் இருந்தது. ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள புளொக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கஸ்கற் போய், தண்ணீர் ஒயிலோடு சேர்ந்திருந்தது. காலபோகத்துக்குப் புழுதி விதைப்பு நெருங்கும் நேரம். "தம்பி, மழை இறங்க முந்தி வயலுக்கை இறக்கோணும்" என்று சொல்லிவிட்டு, பட்டறை வாசலிலேயே வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

ஹெட்டைக் கழற்றி, முகத்தைச் சமன் பார்த்து, புதிய கஸ்கற்றை வைத்தேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் மொலிப்டினம் கலந்த கறுப்புப் பசை ஒரு ரியூப் அனுப்பியிருந்தார். விலை கூடிய பொருள். விலை கூடியதைப் போட்டால் வேலை நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்ரட்டின் புரியிலும், நட்டின் உள்ளேயும், வொஷரின் முகத்திலும் தாராளமாகப் பூசினேன். வைத்த முறுக்குவிசை வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ரோர்க் ரென்ச்சை எடுத்து, கைந்நூலில் போட்டிருந்த எண்ணுக்கு வைத்து, பாதுகாப்புக்கு என்று இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எட்டாவதோ ஒன்பதாவதோ நட்டில் கை ஒரு மாற்றத்தை உணர்ந்தது. நட் இறுகும்போது ஒவ்வொரு பாகையிலும் கையின் பாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். இங்கே சாவி திரும்புகிறது, பாரம் கூடவில்லை. ஈரக் களிமண்ணை முறுக்குவதுபோல ஒரே அளவில் வழிவிட்டுக்கொண்டே போனது. ரென்ச்சின் 'கிளிக்' சத்தம் வரவே இல்லை.

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். ரென்ச்சை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, விரலால் அந்தக் கறுப்புப் பசையைத் தொட்டு, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார். "இது எந்தக் கணக்கு? காஞ்ச புரிக்கோ, எண்ணெய்ப் புரிக்கோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கைந்நூலில் எண்ணைப் பார்த்திருந்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சொல்லைப் பார்க்கவில்லை. மெல்லிதாக என்ஜின் ஒயில் தொட்ட புரிக்கு என்று அதில் எழுதியிருந்தது.

இந்தக் கட்டுரையை அந்த ஒரு கேள்விக்காகவே எழுதுகிறேன். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று இளம் மெக்கானிக்குகள் என்னிடம் கேட்கிறார்கள். புரியில் என்ன பூசியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்காதவரை அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. பூச்சும் அளவும் ஒரே கணக்கின் இரண்டு பாதிகள்.

ஒரு போல்ற் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். போல்ற்றை நாம் ஆணி அறைவதுபோல நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையில் ஒரு வில். இறுக்கும்போது இரும்புத் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கிறது. அந்த முயற்சிதான் ஹெட்டையும் புளொக்கையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கிறது. நீளாத போல்ற் பிடிக்காது. அளவுக்கு மேல் நீண்ட போல்ற் திரும்பிச் சுருங்கும் குணத்தை இழந்துவிடும். எங்களுக்கு வேண்டியது அந்த இழுவை. ஆனால் இழுவையை அளக்கும் கருவி பட்டறையில் இல்லை. ரோர்க் ரென்ச் அளப்பது நட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை தேவைப்பட்டது என்பதை மட்டுமே. அந்த முறுக்குவிசையில் பெரும்பகுதி உராய்வைத் தாண்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. பொதுவாக ஏறத்தாழப் பாதி நட்டின் அடிமுகம் வொஷரோடு உரசுவதில் போகிறது. 40 சதவீதம் அளவு புரியோடு புரி உரசுவதில் போகிறது. எஞ்சும் 10 சதவீதம் அளவுதான் தண்டை நீட்டுகிறது.

இந்தப் பங்கைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கூலியாகக் கிடைத்த நூறு ரூபாயில் தொண்ணூறு ரூபாய் பஸ் கட்டணத்துக்கே போய், பத்து ரூபாய் வீடு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பத்து ரூபாய் குறைந்தால் வீட்டுக்கு வரும் காசு இரண்டு மடங்காகிவிடும். உராய்வு கொஞ்சம் குறைந்தாலே இழுவை பெருமளவில் ஏறுவது இதனால்தான். மாட்டு வண்டிலின் அச்சில் வைக்கோல் கரியும் எண்ணெயும் குழைத்த வண்டி மையைப் பூசியவுடன் மாடு அதே பாரத்தை எப்படி இலகுவாக இழுக்கிறதோ, அப்படித்தான் பசை பூசிய நட் அதே கைப்பலத்தில் மேலும் மேலும் ஏறுகிறது. வண்டிலுக்கு அது நன்மை. போல்ற்றுக்கு எல்லை உண்டு.

கணக்காகவே பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் ஊகத்துக்கு இடமில்லை. தலையில் 8.8 என்று பொறித்த 12 மில்லிமீற்றர் போல்ற் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8.8 இல் முதல் 8, அந்த இரும்பு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் இழுவையில் அறும் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 சதவீதத்தில், அதாவது 640 நியூற்றனில், அது நிலையாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. சாதாரணப் புரி வெட்டிய 12 மில்லிமீற்றர் போல்ற்றில் இழுவையைத் தாங்கும் பரப்பு 84.3 சதுர மில்லிமீற்றர். பெருக்கினால், ஏறத்தாழ 5.5 தொன் பாரத்தில் அந்தப் போல்ற் மீளாமல் இழுபடும். எனவே 3.7 தொன் அளவில் இறுக்கி நிறுத்துவது நல்ல வேலை. புரி காய்ந்திருந்தால் அதற்கு 88 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை தேவை. அதே 88 ஐ என்ஜின் ஒயில் தொட்ட புரியில் கொடுத்தால் இழுவை 5 தொன்னுக்கு ஏறிவிடும்; விளிம்புக்கு வந்துவிட்டோம். அதே 88 ஐ மொலிப்டினம் பசையில் கொடுத்தால் கணக்கு 6.2 தொன் என்று வருகிறது. போல்ற் அங்கே போய்ச் சேராது. அதற்கு முன்பே இழுபட்டுவிடும். சாவி ஒன்று, எண் ஒன்று, கை ஒன்று. பூச்சு மட்டும் வேறு.

என் ஸ்ரட்டுக்கு நடந்தது அதுதான். ஒயிலுக்குச் சொன்ன எண்ணை நான் மொலிப்டினத்துக்குக் கொடுத்தேன்; போதாதென்று கூட்டியும் கொடுத்தேன். பல தடவை இறுக்கப்பட்டும் தளர்த்தப்பட்டும் வந்த பழைய இரும்பு அது. மற்ற ஸ்ரட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி நட் ஓட்டிப் பார்த்தோம். இன்னும் இரண்டில் நட் நடுவழியில் பிடித்தது. மூன்றையும் மாற்றுவதற்குப் புதியவை தேடிக் கிளிநொச்சி நகரத்துக்குப் போய், அங்கே கிடைக்காமல் வவுனியாவுக்கு ஆள் அனுப்பினோம். வாங்கில் இருந்த அந்த ஐயா இரண்டு நாள் வந்து வந்து போனார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. அவர் வயலின் புழுதி இரண்டு நாள் காத்திருந்தது என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

அப்பா இந்தத் தொழிலைக் கற்ற காலத்தில் கைந்நூலும் இல்லை, ரோர்க் ரென்ச்சும் இல்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் எரிபொருள், இரும்பு, உதிரிப்பாகம் எல்லாமே அரிதாக இருந்தன. துளிப் பெற்றோலைக் கபரேற்றரில் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை என் வயதுக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உடைந்த போல்ற்றுக்கு மாற்றுப் போல்ற் கிடைக்காத ஊரில், உடைக்காமல் இறுக்குவதுதான் முதல் தொழில்நுட்பம். அப்பாவிடம் நெல்மூட்டை நிறுக்கும் விற்றராசு ஒன்று இருந்தது. நட்டின் நடுவிலிருந்து சரியாக அரை மீற்றர் தூரத்தில் சாவியின் தண்டில் அரத்தால் ஒரு பள்ளம் கீறியிருந்தார். அந்தப் பள்ளத்தில் தராசின் கொளுக்கியை மாட்டி, சாவிக்குச் செங்குத்தாக இழுப்பார். முள் 18 கிலோவில் நிற்கும்போது நட்டுக்குப் போவது 88 நியூற்றன் மீற்றர். மேலே நான் சொன்ன கணக்கின் அதே எண். சரிவாக இழுத்தால் எண் பொய்யாகிவிடும் என்பதற்காக, பக்கத்தில் இன்னொருவர் மூலைமட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சிறுவனாக இருந்தபோது அந்த இன்னொருவர் பல தடவை நான்தான். அப்போது அது எனக்கு விளையாட்டு. அந்தத் தராசைவிடச் செம்மையான கருவி இன்று என் கையில் இருக்கிறது. ஆனால் அப்பா தராசை மாட்டுவதற்கு முன்பு செய்ததை நான் செய்யாமல் விட்டேன்.

அவர் முதலில் புரியைக் கழுவுவார். எங்கள் மண் செம்மண். கோடையில் அது மாவாகப் பறந்து எல்லாவற்றிலும் புகுந்துவிடும். எண்ணெய் தொட்ட புரியில் செம்புழுதி ஒட்டினால் அது எண்ணெய் அல்ல, அரைக்கும் பசை. மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, நட்டை விரலால் மட்டும் சுழற்றி அடிவரை இறக்கிப் பார்ப்பார். விரலால் இறங்காத நட்டைச் சாவியால் இறக்கக் கூடாது என்பது பட்டறையில் சட்டம். பெண் புரியை, அதாவது துளைக்குள் இருக்கும் புரியை, துப்புரவாக்க ஒரு பழைய போல்ற்றின் புரியில் வாளால் நீளவாக்கில் மூன்று காடி வெட்டி வைத்திருந்தார். அது புதிதாக எதையும் வெட்டாது. கிடக்கும் அழுக்கையும் துருவையும் காடிக்குள் சுரண்டி எடுத்து வரும். புரி வெட்டும் ரப்பைப் போட்டால் அழுக்கோடு நல்ல இரும்பும் கொஞ்சம் போய்விடும், புரி தளர்ந்துவிடும். இன்றும் அந்தக் காடிப் போல்ற்றுகள் அளவு வாரியாக எங்கள் இழுப்பறையில் இருக்கின்றன.

பிறகுதான் எண்ணெய். ஒரு சொட்டை விரலில் எடுத்துப் புரியில் தொட்டு, துணியால் பாதியைத் துடைத்துவிட வேண்டும். இரும்பு நனைந்து மினுங்கினால் போதும். நட்டின் அடிமுகத்திலும் தொட வேண்டும், ஏனென்றால் உராய்வின் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது. புரியில் மட்டும் பூசி அடிமுகத்தை மறந்தவர்களுக்கு ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு கதை சொல்லும். தாராளமாக ஊற்றுவது ஏன் ஆபத்து என்பதை அடி மூடிய துளைகளில் பார்க்கலாம். ஒரு தடவை வேறோர் இடத்தில் வேலை பார்க்கப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று எங்களிடம் வந்தது. போல்ற் இறங்கும் துளையைச் சுற்றி வார்ப்பிரும்பு தலைமயிர் கனத்தில் வெடித்திருந்தது. துளைக்குள் எண்ணெய் நின்றிருக்கிறது, போல்ற் இறங்கும்போது அது வெளியேற வழியில்லை, எண்ணெய் அமுங்காது. போல்ற் ஒரு பிஸ்டனாகவும் துளை ஒரு பம்பியாகவும் மாறி, சுற்றியிருந்த இரும்பைப் பிளந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத சின்னத் தேக்கம்தான். அதனால் எங்கள் பட்டறையில் போல்ற்றை வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு துளைக்குள்ளும் துணிச்சுருள் விட்டு எடுப்பது வழக்கம்.

எண்ணெயே படக் கூடாத இடங்களும் உண்டு. சில்லு நட்டுகளுக்குப் பெரும்பாலான கார், வான் கைந்நூல்கள் சுத்தமான காய்ந்த புரியைத்தான் சொல்கின்றன. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிறீஸ் பூசி, நாலு கைச் சில்லுச் சாவியில் ஏறி மிதித்து இறுக்கும் பழக்கம் எங்கள் வீதிகளில் நிறைய இருக்கிறது. அது ஸ்ரட்டை இழுத்துவிடும். இழுபட்ட ஸ்ரட் ஒரு நாள் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில் அறும். புதிதாகப் பெயின்ற் அடித்த சில்லில் நட்டின் இருக்கையில் பெயின்ற் படிந்திருந்தால் அது சில நாளில் நசிந்து, நட் தளர்ந்துவிடும்; சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பிளக் வேறு வகை: அதன் புரி ஏற்கெனவே முலாம் பூசியது, ஹெட்டோ அலுமினியம். அதற்குப் பசை வேண்டாம். புதிய பிளக்கை விரலால் இருக்கைவரை இறக்கி, வொஷர் நசிய அரைச் சுற்று. அவ்வளவுதான்.

மறுபக்கத்தில், பூசாமல் விட்டால் பாவம் செய்ததாகிவிடும் இடங்களும் இருக்கின்றன. சைலன்சர் பக்கத்து ஸ்ரட்டுகள் நெருப்பில் வெந்து நட்டோடு ஒன்றாகிவிடும். அங்கே சாதாரண கிறீஸ் எரிந்து கரியாகும், செம்புத் தூள் கலந்த பசைதான் நிற்கும். துருப்பிடிக்காத உருக்கில் செய்த போல்ற்றும் நட்டும் காய்ந்த நிலையில் ஒன்றையொன்று உரசினால் முகங்கள் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். பாதி வழியில் நின்றுவிட்டால் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது, வாள்தான் வழி. அலுமினியத்துக்குள் உருக்குப் போல்ற் போகும் இடமும் அப்படித்தான், கூடவே ஈரம் பட்டால் அங்கே வெள்ளைத் தூளாக அரிப்பு ஏறும். இந்த இடங்களில் பசையைப் பூசிவிட்டு, அதற்கேற்ப முறுக்குவிசையைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பசையின் உறையில் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். போல்ற் தளராமல் ஒட்டவைக்கும் திரவங்களும் இறுக்கும் நேரத்தில் எண்ணெய்போலவே வழுக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

கிறீஸ் புரிக்குச் செய்யும் இன்னொரு நன்மையை எனக்கு மண் காட்டித் தந்தது. 2009 இல் இடம்பெயர்ந்தபோது அப்பா இரண்டு பெட்டிகளை வீட்டு வளவில் புதைத்துவிட்டு வந்தார். மீள்குடியேறியபின் தோண்டினோம். அவசரத்தில் அப்படியே போட்ட பெட்டியில் இருந்த போல்ற்றுகளும் நட்டுகளும் ஒரே செந்நிறக் கட்டியாக இறுகியிருந்தன. மற்றப் பெட்டியில் இருந்தவற்றை அவர் கிறீஸில் தோய்த்து, ரயர் ரியூப் துண்டுகளில் சுற்றி வைத்திருந்தார். ரியூப்பை அவிழ்த்தபோது புரிகள் கறுப்பாக மினுங்கின. நட்டைத் தொட்டவுடன் சுழன்றது. அந்தச் சுழற்சியை அப்பா நீண்ட நேரம் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். வீடு இல்லை, கூரை இல்லை, ஒரு நட்டை மட்டும் ஏற்றியும் இறக்கியும் நின்றார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் எங்கள் வேலையில் பாதி, புதுக்குடியிருப்புப் பக்கம் குவிந்து கிடந்து துருவேறி மீட்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களைக் கழற்றுவதாகவே இருந்தது. துருப்பிடித்த நட்டை எடுத்த எடுப்பிலேயே தளர்த்தக் கூடாது. எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, தலையில் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, துரு வெடிக்கும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டபின் திருப்ப வேண்டும். பொறுமை இல்லாதவனிடம் தலை அறுந்த போல்ற்றுகள்தான் சேரும்.

புரிகளின் வம்சம் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெய் மறைத்துவிடும் தவறு ஒன்று இதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வேத் 1841 இல் முன்வைத்த புரி 55 பாகைக் கோணம் கொண்டது. அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864 இல் முன்வைத்தது 60 பாகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948 இல், அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் 60 பாகைப் புரியைப் பொதுவாக ஏற்றன. எங்கள் பழைய இயந்திரங்களில் இந்த எல்லாத் தலைமுறைகளும் கலந்து கிடக்கின்றன. அரை அங்குல விட்வேத் போல்ற்றில் அங்குலத்துக்கு 12 புரி; அதே அரை அங்குல அமெரிக்கப் பருமன் புரியில் 13. நன்றாக எண்ணெய் பூசினால் ஒன்று மற்றதில் இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். இறுகியதை நல்ல பிடி என்று நினைத்துச் சாவியைப் போட்டால் இரண்டு புரியும் நாசம். இறுகிய நட்டின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவை முதல் புரி ஒன்றே தாங்குகிறது; அந்தப் புரி கெட்டால் மீதியும் வரிசையாகப் போகும். சந்தேகம் வந்தால் எண்ணெய் இல்லாமல் விரலால் ஏற்றிப் பாருங்கள். காய்ந்த புரி பொய் சொல்லாது.

மூன்று புதிய ஸ்ரட்டுகளும் வந்த அன்று மாலை அந்த மசியை மறுபடி பூட்டினேன். கறுப்புப் பசை எல்லாவற்றையும் கழுவி எடுத்து, என்ஜின் ஒயில் தொட்டு, பாதி துடைத்து வைத்தேன். ரென்ச்சின் பக்கத்தில் இரண்டு வரிசை எண்கள் உண்டு, ஒன்று நியூற்றன் மீற்றர், மற்றது இறாத்தல் அடி. ஒரு இறாத்தல் அடி 1.356 நியூற்றன் மீற்றருக்குச் சமம் என்பதால் வரிசை மாறினால் நாலில் ஒரு பங்குக்கு மேல் கணக்குப் பிசகும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைத் தானும் ஒரு தடவை வாசித்தார். நடு நட்டில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் போய், மூன்று தடவையாக ஏற்றினேன். கை ஓரிடத்திலும் நிற்காமல் ஒரே ஓட்டமாக இழுத்தேன், ஏனென்றால் நின்ற நட்டை மறுபடி அசைக்க, ஓடும் நட்டை ஓட்டுவதைவிடக் கூடுதல் விசை வேண்டும். நடுவில் நிறுத்தினால் நட் அசையும் முன்பே ரென்ச் கிளிக் என்று சொல்லிவிடும். ஒவ்வொரு நட்டிலும் பாரம் பாகைக்குப் பாகை கூடி, ஒரே இடத்தில் கிளிக் வந்தது.

புதிய என்ஜின்கள் பலவற்றில் இந்த உராய்வுத் தொல்லையைத் தாண்ட இன்னொரு வழியை வைத்திருக்கிறார்கள்: குறைந்த முறுக்குவிசையில் இருக்கை பிடிக்கவைத்து, பிறகு இத்தனை பாகை திருப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். 12 மில்லிமீற்றர் சாதாரணப் புரி ஒரு முழுச் சுற்றில் 1.75 மில்லிமீற்றர் ஏறும். கால் சுற்றில் 0.44 மில்லிமீற்றர் அளவு. எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தூரம் மாறாது. ஆனால் அப்படி இறுக்கும் போல்ற்றுகள் பலவற்றை வேண்டுமென்றே இழுபடும் விளிம்புக்குக் கொண்டுபோகிறார்கள். அவற்றைக் கழற்றினால் மறுபடி பாவிக்கக் கூடாது. பழையதைத் துடைத்துப் பூட்டித் தரும்படி காசில்லாமல் கேட்பவர்களுக்கு இதைச் சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன்.

மசியைக் கிளப்பி, சூடேறும்வரை ஓடவிட்டு, இரவு ஆறவைத்தோம். விடிய ஒவ்வொரு நட்டையும் தனித்தனியே சற்றுத் தளர்த்தி, அதே எண்ணுக்கு மறுபடி இறுக்கினேன். புதிய கஸ்கற் நசிந்து படிந்ததில் ஏறத்தாழ எல்லா நட்டுகளும் நின்ற இடத்தைக் குறிக்க முந்தின நாள் கீறிய கோட்டைக் கொஞ்சம் தாண்டி வந்து நின்றன. அந்த ஐயா ஒயில் கம்பியை இழுத்துத் தானே துடைத்துப் பார்த்தார். ஒயில் தேன்நிறத்தில் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தவரிடம், இருபது மணி நேரம் உழுததும் ஒரு தடவை கொண்டுவாருங்கள், நட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றேன். "எண்ணெய் போட்டோ, போடாமலோ?" என்று கேட்டார். அவர் அந்த இரண்டு நாளும் வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.